நான் கையெழுத்துப் போட்ட கடிதம்

அந்தக் கடிதத்தில் மொத்தம் 9 வரிகள்தான். இரண்டு வருடம் எங்கள் இன்குபேட்டரில் மென்டராக இருந்தார், தன் அனுபவத்தை இளம் நிறுவனர்களோடு தாராளமாகப் பகிர்ந்துகொண்டார், அடுத்த முயற்சிகளுக்கு எங்கள் வாழ்த்துகள். இவ்வளவுதான் விஷயம். இன்குபேட்டர் என்பது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடமும் ஆலோசனையும் கொடுத்து வளர்த்துவிடும் அமைப்பு. மென்டர், அவர்களுக்கு வழிகாட்ட வருகிற அனுபவசாலி. நான் அந்த இன்குபேட்டரின் மேலாளர். கீழே என் கையெழுத்து, அலுவலக முத்திரை. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுதிக் கொடுத்த அன்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சங்கடம் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டிப் போகிறதே என்ற நிம்மதி. இரண்டு வருடம் கழித்து, இன்குபேட்டர் மேலாளர்கள் கூடிய ஒரு சந்திப்பில், வேறொருவருடைய போனில் அந்தக் கடிதத்தின் படத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன். இன்று எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்த ஒரு கம்பெனி, பெரிய கட்டடங்களில் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் சென்சார் செய்துகொண்டிருந்தது. இரண்டு பேர் ஆரம்பித்தது. அதில் ஒரு பெண்தான் வெளியே போய்ப் பேசுவது, விற்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம். முதல் முதலீட்டுக்கான பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் முதலீட்டாளர் தரப்பு, கம்பெனியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியலைக் கேட்டது. கேப் டேபிள் என்போமே, அது. அதை அனுப்புவதற்கு முன் அந்தப் பெண் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நிறுவனர்கள் இருவர், நாங்கள், அதற்குக் கீழே நான்காவதாக ஒரு வரி. எங்கள் மென்டரின் பெயர். எதிரே 8 சதவீதம். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “இது வழக்கம்தானே மேடம்? நீங்க சொல்லித்தான் செய்யறதா அவர் சொன்னார்.”

நான் சொல்லவில்லை. அப்படி ஓர் ஒப்பந்தம் போடப்பட்டதே எனக்குத் தெரியாது. வெளியே எங்கோ உட்கார்ந்து, முதலீட்டாளர்களிடம் அறிமுகம் செய்துவைப்பதாகச் சொல்லி, இரண்டு பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பங்கு முழுவதும் முதல் நாளே அவர் பெயருக்குப் போய்விட்டது. வேலை செய்யச் செய்யச் சேர்வது என்ற பேச்சே அதில் இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்குப் பயிற்சி தரும் ஃபவுண்டர் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘ஃபாஸ்ட்’ என்ற ஒப்பந்த மாதிரியைப் பலரும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதில் ஆலோசகருக்கு உச்சபட்சமே 1 சதவீதம்தான். அதுவும் இரண்டு வருடத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் மூன்று மாதத்தில் ஒத்துவரவில்லை என்றால் யாருக்கும் எதுவும் இல்லாமல் பிரிந்துவிடலாம். 8 சதவீதத்தை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற ஒரு பெண்ணிடம், இதையெல்லாம் அன்றைக்குத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். சேர்ந்த முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டியது.

முதலீட்டாளர், அந்த வரியைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்றார். மென்டர், சட்டப்படி என் பங்கு என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். நான் இரண்டு முறை அவரிடம் பேசினேன். இரண்டாவது முறை பேச்சு கசந்துபோனது. அடுத்த வாரம், இனி நேரம் ஒதுக்க முடியவில்லை என்று அவரே விலகிக்கொண்டார். போகும்போது ஒரு கடிதம் மட்டும் கேட்டார். கொடுத்தேன். அந்த முதலீடு வரவே இல்லை.

பேசாமல் விட்ட இடம்

ஏன் கொடுத்தேன் என்று பிறகு பல இரவுகள் என்னையே கேட்டிருக்கிறேன். பயம் என்று சொல்ல முடியாது. மரியாதை என்று அப்போது நினைத்தேன். வயதில் பெரியவர், இலவசமாக வந்து எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், வேறு சில கம்பெனிகளுக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறார். இன்னொன்றும் இருந்தது. எங்கள் இன்குபேட்டரில் ஒரு மென்டர் இப்படிச் செய்தார் என்ற செய்தி வெளியே போனால், அது எங்கள் மேற்பார்வையில் இருக்கும் ஓட்டைதானே? அடுத்த மானிய விண்ணப்பம் மேஜையில் இருந்தது. அதில் மென்டர்களின் எண்ணிக்கையைப் பெருமையாக எழுதியிருந்தோம்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் கூடும் சந்திப்புகளுக்கு நான் பல வருடங்களாகப் போய்வருகிறேன். நல்ல மனிதர்கள். தூக்கம் கெட்டு வேலை செய்பவர்கள். ஆனாலும் மேடையில் ஏறினால் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறோம். எத்தனை ஸ்டார்ட்அப், எத்தனை வேலைவாய்ப்பு, எவ்வளவு முதலீடு, எத்தனை காப்புரிமை. ஒரே கம்பெனியின் லோகோவை நான்கு இன்குபேட்டர்களின் ஸ்லைடுகளில் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். நான்கு பேருமே பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி நான்கு இடத்திலும் ஏதோ ஒரு கட்டத்தில் இருந்திருக்கிறது. நாற்காலி ஓரிடம், மானியம் ஓரிடம், மூன்று மாதப் பயிற்சி ஓரிடம், ஆய்வக வசதி ஓரிடம். ஆனால் நான்கு பேரும் தனித்தனியாகத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டால் ஒரு கம்பெனி நான்காகிவிடுகிறது.

பழைய எண் ஒன்றும் இப்படித்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்குபேட்டரிலிருந்து வெளியேறிய கம்பெனிகளில் 87 சதவீதம் தொடர்ந்து நடக்கின்றன என்பது. 1997-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து எடுத்தது. முறையாகப் பயிற்சியை முடித்து ‘கிராஜுவேட்’ ஆன கம்பெனிகளைப் பற்றிய கணக்கு அது. பாதியில் மூடிக்கொண்டு போனவர்கள், சொல்லாமல் காணாமல் போனவர்கள் அந்த 87-க்குள் வரமாட்டார்கள். நானே அந்த எண்ணை என் ஸ்லைடில் மூன்று வருடம் வைத்திருந்தேன். அடியில் இருந்த விளக்கத்தை ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே மானியத்துக்கும், ஒரே கொடையாளர்களுக்கும், பல சமயம் ஒரே நிறுவனர்களுக்குமே கை நீட்டுகிறோம். தோற்றதைச் சொல்கிறவர் வரிசையில் பின்னால் போவார் என்ற நினைப்பு எல்லாருக்குள்ளும் இருக்கிறது. அதனால் கைகுலுக்கிக்கொள்கிறோம், அட்டை மாற்றிக்கொள்கிறோம், வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறோம். நெட்வொர்க்கிங் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

அடைகாப்பது என்ற சொல்

இந்தத் தொழிலுக்கு இந்தப் பெயர் வந்த கதை பலருக்கும் தெரியும். அமெரிக்காவில் பட்டேவியா என்ற சிறு ஊரில் ஒரு பெரிய விவசாய இயந்திரத் தொழிற்சாலை மூடப்பட்டு, எட்டரை லட்சம் சதுர அடிக் கட்டடம் காலியாகக் கிடந்தது. மான்குசோ குடும்பம் அதை வாங்கியது. மொத்தமாக எடுத்துக்கொள்ள எந்தக் கம்பெனியும் வராததால், ஜோசப் மான்குசோ 1959-ல் அதைப் பிரித்துப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். இடத்தோடு ஆலோசனையும் பொதுவான அலுவலக வசதிகளும் கொடுத்தார். வந்தவர்களில் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனி. அதை வைத்துத்தான் அவர் தன் இடத்தை இன்குபேட்டர் என்று சொல்ல ஆரம்பித்தார். தமிழிலும் நாம் அடைகாப்பகம் என்கிறோம். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். இதில் ஒரு பொறுமை இருக்கிறது, உடம்புச் சூடு இருக்கிறது.

ஆனால் அடைக்கோழியைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பக்கத்தில் எது வந்தாலும் கொத்தும். இன்னொரு கோழி வந்தாலும் இறக்கையை விரித்துக்கொண்டு சிலிர்க்கும். தன் வயிற்றுக்கடியில் இருப்பதில் எது உயிர் பிடித்திருக்கிறது, எது கூழ்முட்டை என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேறொரு கை வேண்டும். நாங்கள் ஒவ்வொருவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், அவரவர் கூட்டில்.

இன்குபேட்டர் நடத்துகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் அமெரிக்காவில் 1985-லேயே தொடங்கியது. தனித்தனியாகத் தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தேவை அவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்கிறது. இன்று உலகம் முழுக்க அப்படிப்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. அவற்றால் எனக்குக் கிடைத்த நன்மைகள் நிறைய. வாடகை ஒப்பந்த மாதிரி, தேர்வுக்குழு மதிப்பெண் படிவம், ஒரு நிறுவனர் பிரிந்து போனால் பங்கை என்ன செய்வது என்ற ஷரத்து, இதையெல்லாம் நான் மற்ற மேலாளர்களிடம் கேட்டு வாங்கித்தான் உருவாக்கினேன். படிவங்களைத் தாராளமாகக் கொடுத்தோம். மனிதர்களைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்த இடைவேளை

சரி, அந்தச் சந்திப்புக்கு வருகிறேன். இரண்டாம் நாள் பிற்பகல் இடைவேளை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், வேறொரு இன்குபேட்டரை நீண்ட காலமாக நடத்துபவர், என்னைத் தேடி வந்தார். முன்பு இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறோம், அவ்வளவுதான். மண்டபத்துக்கு வெளியே, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளில் இரண்டை இறக்கிப் போட்டு உட்கார்ந்தோம். மென்டரின் பெயரைச் சொல்லி, “இவர் உங்ககிட்ட இருந்தாரில்ல?” என்றார். ஆமாம் என்றேன். எப்படி, நல்லவரா என்று கேட்கவில்லை அவர். போனை எடுத்து, கொஞ்ச நேரம் தேடி, என் பக்கம் திருப்பினார். என் கடிதம். என் கையெழுத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் நீண்டு முத்திரைக்குள் போயிருந்தது. அதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

“இதைப் பார்த்துத்தாம்மா எடுத்தோம்” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவருடைய இடத்தில் மூன்று கம்பெனிகள். ஒன்றில் 5 சதவீதம், ஒன்றில் 7, மூன்றாவது ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முதல் நாள் தெரியவந்து நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் நடந்ததை நான் அப்படியே சொன்னேன். முழுவதும். முதல்முறையாக எங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஒருவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். “நானும் பண்ணலை. கடிதம் வந்த அன்னைக்கு உங்க நம்பர் என்கிட்ட இருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். முத்திரை போட்ட கடிதம் இருக்கே, எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்: “போன மாசம் அவர் எங்ககிட்டேருந்தும் கிளம்பிட்டார். கடிதம் கேட்டார். கொடுத்துட்டேன்.”

உள்ளே அடுத்த அமர்வு தொடங்கும் மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. நான் அதுவரை நினைத்திருந்தது, இது என் ஒருத்தியின் பலவீனம் என்று. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் துறையில் எல்லாரும் மதிக்கிற, கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த மனிதர். அவரும் அதையே செய்திருக்கிறார், அதே காரணத்துக்காக, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். அப்படியானால் அந்த மண்டபத்துக்குள் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேரின் அலமாரியில் இப்படிக் கடிதங்களின் நகல் இருக்கும்? எங்கள் மரியாதை ஒரு சாலை போட்டுக் கொடுத்திருக்கிறது. அதில் ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிரமமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் முதல் தடவையாகத் தொழில் தொடங்குகிற, எதைக் கேட்பது என்றே தெரியாத சின்னப் பிள்ளைகள்.

“இப்போ எங்கே இருக்கார்?” என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இன்குபேட்டரின் மேலாளரும் எங்கள் இருவருக்கும் அறிமுகமானவர்தான். அன்றைய சந்திப்புக்கு அவர் வரவில்லை. அங்கேயே, அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தோம். என்ன பேசுவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். எங்களுக்கு நேரடியாகத் தெரிந்தது மட்டும். எங்கள் கையில் தாள் இருப்பது மட்டும். அவர் கெட்டவர், ஏமாற்றுக்காரர் என்ற சொற்கள் வேண்டாம். நான் கேப் டேபிளைப் பற்றிச் சொன்னேன். மூத்தவர் தன் மூன்று கம்பெனிகளைப் பற்றிச் சொன்னார். கடைசியாக இருவரும் எங்கள் கடிதங்களைப் பற்றிச் சொன்னோம். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, “இங்க அஞ்சு கம்பெனியோட உட்கார்ந்திருக்கார். ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுக் கேட்டுட்டுப் பேசறேன்” என்றார். இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு செய்தி வந்தது. இரண்டு கம்பெனிகளோடு பேச்சு நடந்திருக்கிறது, கையெழுத்தாகவில்லை.

இப்போது எப்படிப் பேசுகிறோம்

அன்றிலிருந்து நாங்கள் மூவரும் மாதம் ஒருமுறை பேசுகிறோம். பிறகு மூன்று ஏழானது. ஸ்லைடு கிடையாது, பதிவு கிடையாது. வருகிற ஒவ்வொருவரும் அந்த மாதம் தன்னிடம் சரியாகப் போகாத ஒன்றைக் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு மாதம் எல்லாரும் சின்னச் சின்ன விஷயங்களாகக் கொண்டுவந்தார்கள். அச்சு இயந்திரம் பழுது, அறை ஒதுக்கீட்டில் சண்டை. மூன்றாவது மாதம் ஒருவர், நான்கு வருடமாக வாடகைகூடத் தராமல் இருக்கும் ஒரு கம்பெனியை ஏன் வெளியேறச் சொல்ல முடியவில்லை என்று பேச ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் போனது. அவருடைய அறைகள் நிறைந்திருக்கும் சதவீதம் அந்த ஒரு கம்பெனியால்தான் அறிக்கையில் நன்றாகத் தெரிகிறது என்பதைக் கடைசியில் அவரே சொன்னார். நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு கவலையும் எனக்கு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஏழு பேர் போனில் பேசி ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்துவிட முடியும். அது கடிதத்தைவிட ஆபத்தானது. கடிதத்துக்காவது கையெழுத்து இருக்கிறது. கேள்விப்பட்டதைச் சொல்லத் தொடங்கினால் நாங்கள் ஒரு வம்பு மடமாகிவிடுவோம். ஒரு நல்ல மென்டர் ஒரு நிறுவனரோடு நியாயமாகவே முரண்பட்டிருக்கலாம், அதற்காக அவருக்கு ஏழு கதவுகள் மூடிவிடக் கூடாது. என் அனுபவத்தில் பெரும்பாலான மென்டர்கள் ஒரு ரூபாயும் எதிர்பார்க்காமல் வருகிறவர்கள். அவர்கள் இல்லாமல் எந்த இன்குபேட்டரும் ஒரு வாரம்கூட ஓடாது. அதனால் ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டேன். விலகிப் போகிறவரிடம் நேருக்கு நேர் சொல்லிவிடுவது: உங்களைப் பற்றி யாராவது கேட்டால் இதை இதைச் சொல்வேன், இதில் தவறு இருந்தால் இப்போதே சொல்லுங்கள். முதல் தடவை சொன்னபோது என் கை நடுங்கியது. கேட்டவர் ஓர் இடத்தைத் திருத்தினார். அவர் திருத்தியதுதான் சரி.

மென்டர்களிடமும் சேரும் அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறோம். எந்தக் கம்பெனியோடும் பணமோ பங்கோ பேசினால், பேசத் தொடங்குவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அதில் முக்கியமான வரி. இதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர் இதுவரை ஒருவர்தான்.

அந்தக் கடிதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டிய இன்னொருவர் இருந்தார். சந்திப்பு முடிந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் அந்தப் பெண்ணை அழைத்தேன். சென்சார் கம்பெனி மூடவில்லை. முதலீடு இல்லாமல், வாடிக்கையாளர் பணத்திலேயே மெதுவாக நடத்திக்கொண்டிருந்தாள். நான் அந்த மென்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு நடந்தது எனக்கு மட்டும்தான் நடந்ததுன்னு நினைச்சுட்டிருந்தேன் மேடம். நான்தான் முட்டாள்னு” என்றாள். அந்த 8 சதவீதம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றும் சொன்னாள்.

புதிய குழு சேர்ந்த முதல் நாள் வந்து பேச முடியுமா என்று கேட்டேன். வந்தாள். பெரிய உரை எதுவும் இல்லை. தன் கேப் டேபிளை அச்செடுத்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பெயரை மட்டும் மறைத்திருந்தாள். பதினாலு பேர் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். ஒரு பையன் நான்காவது வரியைக் காட்டி, “இது யார்? எப்படி இங்க வந்தாங்க?” என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கடிதத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.